லோஹா புல்லைக் கழுவிய தண்ணீர்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் ஜூனியர் இன்ஜினியர் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள், உற்சாகம் தருகிற மாதிரி இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறார்கள். உற்சாகம் வேண்டுமென்றால் டீக்கடைக்குப் போங்கள். என்னிடம் இருப்பது ஒரு பழைய பாலத்தின் கதை. அதில் எனக்குப் பெருமையான இடம் ஒன்றோ அரையோதான் உண்டு. பேனலை எப்படி மாட்டுவது, எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்குவது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. அதை நான் தொடப் போவதில்லை. லாரிக்காரர் ஹார்னில் கை வைத்தபடி நிற்கிறார், மேலதிகாரி போனில் இருக்கிறார், அக்கரையில் ஒரு நோயாளி காத்திருக்கிறார். அந்த நேரத்தில் என்ன முடிவு எடுப்பீர்கள் என்பதுதான் என் கவலை.

நான் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்து, ஃபீனிக்ஸ் பேயில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்த இரும்புத் தூளைத் தட்டித்தான் அம்மா துவைக்கப் போடுவாள். டிப்ளமோ முடித்து நான் வேலையில் சேர்ந்தபோது சைட்டுக்குப் போகிற பெண் ஜே.இ.க்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மஸ்தூர்கள், அதாவது கூலியாட்கள், ஆண் அதிகாரிகளைக் கூப்பிடுகிற மாதிரியே என்னையும் ‘சாப்’ என்றுதான் கூப்பிட்டார்கள். கொஞ்ச நாள் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். திட்டுவதற்கும் வேலை வாங்குவதற்கும் ‘சாப்’ வசதியாகத்தான் இருந்தது.

தெற்குக் கோடித் தீவில் இருக்கிற கேம்பல் பேக்குப் போஸ்டிங் என்றால் அந்தக் காலத்தில் வீட்டில் எழவு விழுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். கப்பல் எப்போது வரும், வந்தால் எப்போது கிளம்பும் என்பது கடலுக்குத்தான் தெரியும். அங்கிருந்து தெற்கே கடலோரமாகப் போகிற சாலையில் பல இடங்களைக் கிலோமீட்டர் கணக்கில்தான் சொல்வார்கள். அந்தச் சாலை ஓர் ஆற்றைக் கடக்கிற இடத்தில் இருந்தது நான் சொல்லும் பாலம். எங்கிருந்து வந்து குடியேறியவர்களானாலும், தமிழரோ பஞ்சாபியோ மராத்தியோ, எல்லாருக்கும் அது ‘லோஹா புல்’தான். இரும்புப் பாலம் என்பதற்கு மேல் யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

குடியேற்றக்காரர்கள் வந்த புதிதில் ராணுவத்தின் சாலைப் பிரிவினர் அதைப் போட்டார்கள். பேனல்கள், அதாவது பாலத்தின் இரும்புச் சட்டங்கள், கப்பலில் வந்தன. கிரேன் கிடையாது. கேம்பல் பே பக்கம் இருக்கும் இக்கரையில் வைத்தே பாலம் முழுவதையும் பூட்டி, உருளைகள் மேல் ஏற்றி, ஆற்றுக்கு மேலே அங்குலம் அங்குலமாகத் தள்ளினார்கள். தள்ளுவதற்கு ஆள் போதாமல், நிலம் கிடைத்து வந்திருந்த முன்னாள் சிப்பாய்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். வேலூர்ப் பக்கத்து ஹவில்தார் ஒருவர் அதில் தோள் கொடுத்தவர். பெயர் வேண்டாம், ஊரே அவரை ஹவில்தார் என்றுதான் சொல்லும். அவருக்கு அக்கரையில் தென்னையும் பாக்கும் இருந்தன. “நான் தள்ளின பாலம்” என்று அவர் சொல்வதைக் கேட்காத ஜே.இ. கேம்பல் பேயில் இருந்திருக்க மாட்டார்.

சுனாமியில் பாலம் பிழைத்தது. ஒரு முனை மட்டும் கரையில் அது உட்கார்ந்திருந்த மேடையை விட்டு நகர்ந்துவிட்டது. ஜாக்கி வைத்து, செயின் புல்லி கட்டி இழுத்து, பழைய இடத்தில் உட்கார வைத்தார்கள். தண்ணீர் அடித்துக்கொண்டு போன பலகைகளுக்குப் பதில் புதுப் பலகை போட்டார்கள். மேட்டு நிலத்தில் வீடு இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அக்கரைக்குத் திரும்பினார்கள். ஆனால் தீவே அந்தப் பூகம்பத்தில் கீழே இறங்கியிருந்தது. கரையில் நின்ற தென்னைகள் கடலுக்குள் நின்றன. முன்பு கடல் எட்டாத இடங்களுக்கெல்லாம் ஏற்றத்தின்போது உப்புத் தண்ணீர் ஏறி வந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை நான் என் வேலையோடு சேர்த்து யோசிக்கவில்லை.

சுனாமி முடிந்து சில வருஷங்கள் கழித்து அங்கே முதல் முறையாகப் போனேன். பாலத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் துருவை ஒப்புக்குத் தேய்த்துவிட்டு மேலே அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் அப்படி விடுகிற ஆளா? இரும்பைக் கழுவி, காயவிட்டு, பிறகுதான் பிரைமர் என்று புத்தகத்தில் இருக்கிறது. கழுவித்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். பாலத்துக்குக் கீழே ஆற்றில் டீசல் பம்ப் இறக்கி, குழாயில் பீய்ச்சியடித்து, ஒரு மூலை விடாமல் கழுவ வைத்தேன். மஸ்தூர்கள் முணுமுணுத்தார்கள். சாலையில் இன்னும் இரண்டு சின்ன இரும்புப் பாலங்கள் இருந்தன. அங்கே பம்ப் போடத் தண்ணீர் போதாது. அதனால் இதே ஆற்றில் டாங்கரை நிரப்பி அனுப்பி அவற்றையும் கழுவ வைத்தேன்.

பெயிண்ட் வேலை மழை இல்லாத மாதங்களில்தான் நடக்கும். அந்த மாதங்களில் ஆற்றில் மேலிருந்து வருகிற தண்ணீர் குறைந்துவிடும். கடல் உள்ளே ஏறுவதும் அப்போதுதான்.

இந்தச் சமயத்தில்தான் ஹவில்தாரின் மனைவி சரோஜாக்கா வாளியோடு மேலே ஏறி வந்தார். பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் துணி துவைப்பார்.

“மேடம், இந்தத் தண்ணில சோப்பு நுரையே வர்ல. முன்னல்லாம் நல்லா இருந்துச்சு. இப்ப மழ நின்னா போதும், துணி காஞ்சாலும் பிசுபிசுன்னே இருக்குது. கொஞ்சம் இன்னான்னு பாருங்களேன்.”

“அக்கா, நான் ரோடு, பிரிட்ஜ். தண்ணிக்கு வேற செக்ஷன். அங்க ஒரு மனு எழுதிக் குடுங்க.”

“எழுதிக் குடுத்தா நுரை வந்துடுமா?”

“நல்ல கம்பெனி சோப்பா வாங்கிப் பாருங்க, வரும்” என்றேன். மஸ்தூர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சரோஜாக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அலுமினியம் பெயிண்ட் அடித்து முடித்தபோது பாலம் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. போர்ட் பிளேரிலிருந்து வந்த பெரியவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினேன் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன். அடுத்த மாற்றலில் போர்ட் பிளேருக்குப் போனேன். நான்கு வருஷம் கழித்து, யாரும் கேட்டு வாங்காத கேம்பல் பே போஸ்டிங்கை நானே கேட்டு வாங்கினேன். அங்கே என் பாலம் இருக்கிறது என்ற மிதப்புதான் காரணம்.

சேர்ந்த இரண்டாம் வாரம் பாலத்தைப் பார்க்கப் போனேன். இடைப்பட்ட வருஷங்களின் சோதனைக் குறிப்புகள் எல்லாவற்றிலும் ஒரே வரி: ‘பெயிண்ட் நல்ல நிலையில் உள்ளது.’ உண்மைதான், பெயிண்ட் நல்ல நிலையில்தான் இருந்தது. நம் துறையில் பலர் இரும்பைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு பெயிண்டைத்தான் பார்த்துவிட்டு வருகிறோம். நானும் அன்றைக்கு அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என்னோடு வந்தவர் மேட் டிர்க்கி. மஸ்தூர் கோஷ்டிக்குத் தலைவர், ராஞ்சிக்காரர். அதிகம் பேச மாட்டார். சின்னச் சுத்தியலோடு பாலத்துக்கு அடியில் இறங்கி, கீழ்ப்பக்கத்து இரும்பை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். கணீர் கணீர் என்று வந்துகொண்டிருந்த சத்தம் நடுப்பகுதியில் பொத்தென்று மாறியது. மறுபடி தட்டினார். அதே சத்தம்.

“சாப், ஆவாஸ் டீக் நஹி” என்றார். சத்தம் சரியில்லை என்கிறார்.

“பெயிண்ட் தடிப்பா இருக்கும்” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

அவர் சுத்தியலின் கூர்ப்பக்கத்தால் சுரண்டினார். பெயிண்ட் அப்பளம் மாதிரி முழுசாகப் பெயர்ந்து வந்தது. அதற்குப் பின்னால் துரு அடுக்கடுக்காக இருந்தது. இரண்டு இரும்புத் துண்டுகள் முதுகோடு முதுகு சேரும் சந்துக்குள் விரலை விட்டேன். விரல் போகக்கூடாத ஆழத்துக்குப் போயிற்று.

சரியாக அந்த நேரம் அக்கரையில் ஹார்ன் கேட்டது.

தாஸின் லாரி அது. கன்னியாகுமரிப் பக்கத்து ஆள். அக்கரையிலிருந்து சரக்கு ஏற்றிக் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்குக் கொண்டுபோவது அவர்தான். லாரி நிறைய கொப்பரையும் பாக்கும். மறுநாள் காலை கப்பல். மழைக்காலம் தொடங்கும் நேரம் என்பதால் அடுத்த கப்பலை யாரும் நம்பவில்லை. அதுகூடப் பெரிதில்லை. லாரியின் முன் இருக்கையில் மெத்தை விரித்து ஹவில்தாரை உட்கார வைத்திருந்தார்கள். நெஞ்சு நோய். கேம்பல் பே டாக்டர் கைவிரித்து, போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கப்பலில்தான் அவருக்கும் சரோஜாக்காவுக்கும் டிக்கெட். நாலடி நடந்தால் மூச்சு வாங்கும் நிலையில் இருந்தார்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். எவ்வளவு இரும்பு போய்விட்டது என்று எனக்குத் தெரியாது. கால்வாசி இருக்கலாம், பாதி இருக்கலாம். கணக்குப் போட நேரமும் இல்லை, அளக்கக் கருவியும் இல்லை. முந்தின வாரம் இதே லாரி இதே சரக்கோடு போயிருக்கிறது. இன்றைக்கும் போய்விடலாம். போய்விட்ட பிறகு சத்தமில்லாமல் பாலத்தை மூடினால், நான் அடித்த பெயிண்டுக்கு அடியில் என்ன இருந்தது என்று யாரும் உடனே கேட்கப் போவதில்லை. இந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது, நன்றாகவே வந்தது.

டவர் கிடைக்கிற மேட்டுக்கு ஓடிப்போய் போர்ட் பிளேரில் இருந்த என் மேலதிகாரிக்குப் போன் போட்டேன். கெட்டவர் இல்லை. முழுக்கக் கேட்டார்.

“ஒரே ஒரு லாரிதானம்மா. நோயாளி வேற இருக்காருங்கற. மெதுவா விட்டுட்டு, அப்புறம் பாலத்த மூடி பந்த் பண்ணிடு.”

“விடுங்கன்னு ஒரு மெசேஜ் அனுப்புங்க சார்.”

“ஸ்பாட்ல இருக்கறது நீ. பார்த்துச் செய்” என்றார்.

‘பார்த்துச் செய்’ என்றால் என்ன என்று உங்களுக்குச் சீக்கிரமே தெரியவரும். நல்லபடியாக நடந்தால் அவர் சொல்லி நீங்கள் செய்தது, கெட்டால் நீங்களே செய்தது. அதற்காகக் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகு முடிவு உங்களுடையது மட்டும்தான். எனக்கு அதில் ஒருவிதத்தில் நிம்மதிகூட வந்தது. இறங்கி வந்து, இரண்டு தார் டிரம்மைப் பாலத்தின் வாயில் உருட்டிவைத்து, குறுக்கே மூங்கிலைக் கட்டச் சொன்னேன். பிறகு நடந்து அக்கரைக்குப் போனேன்.

“புல் பந்த். லாரி போகக் கூடாது.”

தாஸ் முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் கீழே இறங்கினார். “மேடம், எனக்க வண்டி இந்தப் பாலத்துல எத்தன தடவ போயிருக்குன்னு தெரியுமா? பெயிண்ட பாருங்க, எப்படி இருக்கு.”

“நான் அடிச்ச பெயிண்ட் அது. அதான் சொல்றேன், போகாதீங்க.”

“ஆளெல்லாம் இறங்கி நடக்கட்டும். நான் மட்டும் காலி வண்டியா ஓட்டிட்டு வாறேன். ஆறுல விழுந்தா நான் விழுறேன், உங்களுக்கு என்ன?”

“நீங்க விழுறதையும் நான்தான் எழுதணும். போகாது.”

ஹவில்தார் கண்ணாடியை இறக்கினார். மூச்சுக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: “இது நாங்க தள்ளின பாலம். இதுக்கு ஒண்ணும் ஆவாது. நீ நேத்து வந்தவ.”

எனக்கு அழுகை வந்தது. அழுதால் மூங்கிலை அவிழ்த்துவிடுவேன் என்று தெரிந்ததால் அழவில்லை. ஆட்கள் நடந்தால் தாங்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவரச் சொல்லி, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, அவரை அதில் உட்கார வைத்து நான்கு மஸ்தூர்கள் தூக்கினார்கள். வெயில் ஏறியிருந்தது. பாதிப் பாலத்தில் அவருக்கு மூச்சு முட்டி, இறக்கிவைக்க வேண்டியதாயிற்று. சரோஜாக்கா முந்தானையால் அவர் முகத்துக்கு விசிறிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: “இவருக்கு எதுனா ஆச்சு, உன் வாசல்லதான் வந்து உக்காருவேன். நீ நல்லா இருக்க மாட்ட.”

இக்கரையில் நின்ற ஆபீஸ் ஜீப்பில் இருவரையும் ஏற்றி அனுப்பினேன். போகும்போதும் சரோஜாக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேம்பல் பேயிலிருந்து வேறு ஒரு லாரி வரவழைத்தோம். சரக்கு மூட்டை ஒவ்வொன்றாகத் தலையில் வந்தது. ஒரு நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் பாலத்தில் ஏறக் கூடாது என்று எண்ணிக்கொண்டு நின்றேன். பிறகு ஆள் போதவில்லை என்று நானும் தூக்கினேன். திட்டிக்கொண்டே தாஸும் தூக்கினார். அவருடைய லாரி அக்கரையிலேயே மாட்டிக்கொண்டது, பாலத்தின் வாய்க்கு அடைப்புப் போட்டவளே நான்தான்.

மத்தியானம் மூட்டை வேலை முடிந்ததும் கையைக் கழுவ ஆற்றில் இறங்கினேன். துவைக்கிற கல்லில் சரோஜாக்கா விட்டுப்போன சோப்பு இருந்தது. தேய்த்தேன். நுரை வரவில்லை. இன்னும் தேய்த்தேன். கை வழுவழுவென்று ஆனதே தவிர ஒரு குமிழி இல்லை. தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் வைத்தேன். உப்பு.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உப்புத் தண்ணீரைப் பீய்ச்சி, சந்து பொந்தெல்லாம் நுழைத்து, மேலே இரண்டு கோட் பெயிண்ட் அடித்து உப்பை உள்ளே வைத்து மூடியிருக்கிறேன். கழுவாமலே அடித்துவிட்டுப் போன சோம்பேறிகளின் பெயிண்ட்கூட இரும்பை இவ்வளவு தின்றிருக்காது. ஒரு பெண் வாளியோடு மேலேறி வந்து என்னிடம் சொன்னாள். நான் அவளிடம் கம்பெனி சோப்பு வாங்கச் சொன்னேன். என்னைப் போல் ஒரு மடச்சி உண்டா என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்ற டிர்க்கிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

அடுத்தது அப்புறம்தான் உறைத்தது. டாங்கர். இதே தண்ணீர் மற்ற இரண்டு பாலங்களுக்கும் போயிருக்கிறது. மேலே சாலையில், நானே தலைச்சுமையாக ஏற்றிய லாரி இன்ஜினை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தது. ஹவில்தாரை ஏற்றிய ஜீப் லேசான வண்டி, அது எப்போதோ தாண்டிப் போயிருக்கும். லாரி அந்த இரண்டு பாலங்களையும் தாண்டித்தான் ஜெட்டிக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பும் பஸ்ஸும் அதே பாலங்களில்தான் வரும்.

ஓடிப்போய் லாரியில் ஏறிக்கொண்டேன். டிர்க்கி பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்தார். அடுத்த பாலத்துக்கு முன்னால் லாரியை நிறுத்தி அவரைக் கீழே இறக்கினேன். அவர் தட்டத் தொடங்குவதற்குள் எதிர்ப்பக்கம் மஞ்சள் பஸ் வந்து நின்றது. நான் பாலத்தின் நடுவில் போய்க் கையைத் தூக்கினேன்.

பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, “க்யா ஹுவா சாப், இங்கயுமா? இந்தப் பாலத்துல என்ன?” என்றார்.

“இன்னும் தெரியாது. பிள்ளைங்கள இறக்குங்க, நடந்து வரட்டும்.”

“தெரியாமலேயே நிறுத்துறீங்களா?”

“ஆமா.”

பஸ்ஸில் இருந்த டீச்சர் கோபமாகப் பார்த்தார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம், பையைத் தூக்கிக்கொண்டு பலகை மேல் தடதடவென்று ஓடி வந்தார்கள். கடைசிப் பிள்ளை இக்கரைக்கு வந்து சேரும்போது டிர்க்கி அடியிலிருந்து மேலேறி வந்தார். உள்ளங்கை அளவு ஒரு துருத் தகட்டை என் கையில் வைத்தார். டீச்சர் அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை எண்ணத் தொடங்கினார்.

மூன்றாவது பாலம் தப்பித்தது. அதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. கழுவிய மறுநாள் எதிர்பாராத மழை பெய்து அந்த உப்பைக் கொண்டுபோயிருந்தது. அன்றைக்கு வேலை கெட்டுப் போயிற்று என்று நான் அந்த மழையைத் திட்டியது நினைவிருக்கிறது. மூட்டைகளை இரண்டாவது பாலத்திலும் மறுபடி தலையில் தூக்கி, அப்பால் இன்னொரு வண்டியில் ஏற்றி அனுப்பினோம். முக்கால்வாசி கப்பல் ஏறியது, மீதி அடுத்த கப்பலுக்கு நின்றது. ஹவில்தாரும் ஏறினார்.

பிறகு ரிப்போர்ட். வரைவைப் படித்துவிட்டு மேலதிகாரி கூப்பிட்டார்.

“காரணம்ங்கற இடத்துல ‘கடல் காற்று, சுனாமிக்குப் பின் ஏற்பட்ட சூழல்’னு போட்டுடு. பொய்யும் இல்ல. யாருக்கும் பாதகம் இல்ல.”

அவர் எனக்கு நல்லதுதான் நினைத்தார். கடல் காற்று என்று எழுதினால் நான் தப்பிப்பேன். ஆனால் கடல் காற்றைப் படிக்கிறவர் என்ன செய்வார்? இன்னும் ஒரு கோட் பெயிண்ட் அடிக்கச் சொல்வார். அதற்கு முன்னால் புத்தகப்படி கழுவச் சொல்வார். வேறு தீவில் வேறு ஒரு ஜே.இ. பாலத்துக்குக் கீழே பம்ப் இறக்குவார். “சார், நான் கழுவினதுதான் காரணம்னு எழுதறேன். என் பேரையும் எழுதறேன். இல்லன்னா மத்தப் பாலங்கள யாரும் சுரண்டிப் பார்க்க மாட்டாங்க” என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். நான் எழுதியதை அப்படியே அனுப்பினேன்.

விசாரணை வந்தது. ஒரு இன்கிரிமென்ட் நின்றது. பாராட்டுக் கடிதத்தை நானே சுவரிலிருந்து கழற்றினேன். மற்றத் தீவுகளிலும் கடலோரப் பாலங்களைச் சுரண்டிப் பார்க்கும்படி உத்தரவு போயிற்று. எங்கெங்கே என்ன கிடைத்தது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. கிடைத்தது என்று மட்டும் சொல்கிறேன். அதற்குப் பிறகு நான் பார்த்த ஒவ்வொரு பெயிண்ட் வேலைக்கும் சாமான் பட்டியலில் ஒரு துணி சோப்பு சேர்த்தேன். இது எதற்கு என்று மேலிடத்திலிருந்து கேட்டு எழுதினார்கள். நேரில் வாருங்கள், காட்டுகிறேன் என்று பதில் எழுதினேன்.

புதுப் பாலம் வர மூன்று மழை ஆயிற்று. அதுவரை லோஹா புல்லில் நடையும் சைக்கிளும் மட்டும்தான். ஹவில்தார் சில மாதத்தில் பிழைத்து, கையில் கம்போடு திரும்பி வந்தார். சரோஜாக்கா தினமும் அந்தப் பாலத்தில் நடந்து வருவார். மூட்டை முடிச்சோடு வருவார். என்னைக் கண்டால் மறுபக்கம் பார்ப்பார். மூன்று வருஷத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் போய்ப் பேசவில்லை. சரியான முடிவு எடுத்தவளுக்கு ஊர் தானாக வந்து நன்றி சொல்லும் என்று நினைத்திருந்தேனோ என்னவோ.

பழைய பாலத்தைப் பிரித்த நாளில் என்னோடு மூன்று புது ஜே.இ.க்கள் இருந்தார்கள். அக்கரையில் வேடிக்கை பார்க்க ஊரே நின்றது. நடுப் பேனலை அவர்களுக்கு முன்னால் சங்கிலியில் கட்டி இறக்கினோம். தரைக்கு ஒரு முழம் இருக்கும்போது சங்கிலி கொஞ்சம் நழுவி, பேனல் மண்ணில் தட்டியது. பெரிய அடி ஒன்றும் இல்லை. கீழ்ப்பக்க இரும்பு அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்து விழுந்தது. உள்ளேயிருந்து செந்தூள் கொட்டியது.

ஹவில்தார் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். குனிந்து ஒரு துண்டை எடுத்தார். அது அவர் கையிலேயே நொறுங்கியது. “தள்ளினப்ப இது இப்படி இல்ல” என்று மட்டும் சொன்னார். சரோஜாக்கா அவர் கையில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டு, அந்த உடைந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அன்னிக்கு லாரி முன் சீட்ல இவருதான உக்காந்திருந்தாரு” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். நன்றி சொல்லப் போகிறார் என்று நான் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

“நீ பந்த் பண்ணது சரி. அத இப்ப ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு முன்னாடியே நான் மேல ஏறி வந்து சொன்னேன். நீ சிரிச்ச.”

“ஆமாக்கா.”

“இந்தப் புள்ளைங்களுக்கு நீ பாலத்த மூடினது மட்டும்தான் தெரியுமா, இல்ல, அதையும் சொன்னியா?”

சொல்லியிருக்கவில்லை. உப்புத் தண்ணீரைச் சொல்லியிருந்தேன், ரிப்போர்ட்டைச் சொல்லியிருந்தேன். ஒரு பெண் என்னிடம் வந்து சொன்னதை ரிப்போர்ட்டில்கூட எழுதவில்லை. என் தப்பை ஒப்புக்கொள்கிறேன் என்ற பெருமையில் அவளை அடியோடு விட்டுவிட்டிருந்தேன். பாலம் சரி, பஸ் சரி, இதற்கு நான் என்ன சமாதானம் சொல்வேன்? எனக்கு அழுகை வந்தது, இந்த முறை அடக்கவில்லை.

வேலையை அரை மணி நேரம் நிறுத்தச் சொன்னேன். மூன்று பிள்ளைகளையும் அடுக்கியிருந்த பலகைகள் மேல் உட்கார வைத்தேன். சரோஜாக்காவையும் உட்காரச் சொன்னேன். அவர் நின்றுகொண்டே கேட்கிறேன் என்றார். முதலிலிருந்து சொன்னேன். இரண்டு இடத்தில் அவர் என்னை நிறுத்தித் திருத்தினார்.